ஒரு முழம் தள்ளி நின்ற வெள்ளை

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நாச்சிமேடு பைபாஸ் ரோட்டில் வசந்தாமணி நடத்தும் வாட்டர் சர்வீஸ் கொட்டகையில், கல்யாண மண்டபம் சென்னியப்பனுடைய காரின் வெள்ளை நிறம் காரை விட்டு இறங்கியது. உரிந்து விழவில்லை, கரைந்து ஓடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும் ஆள் மாதிரி முதலில் முன்பக்கத்தை இறக்கி, பிறகு பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு, நாலு கதவும் பானெட்டும் டிக்கியும் குலையாமல் இறங்கி, சோப்பு நுரை சொட்டச் சொட்டத் தரையை உரசாமல் நகர்ந்து, ரோட்டின் எதிர் ஓரத்துப் புங்க மரத்தின் நிழலில் போய் நின்றுகொண்டது. வரிசையில் அடுத்து நின்ற வேன் டிரைவர் ஹாரனைத் தட்டி, "அக்கா, அதான் போயிருச்சில்லீங்க, நான் வண்டிய முன்னால எடுக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

வசந்தாமணி மோட்டாரை நிறுத்தினாள். அவள் கண் நிறத்தின் மேல் போகவில்லை, தன் கையிலிருந்த, தண்ணீர் பீய்ச்சும் கன்னுக்கும் காருக்கும் நடுவிலிருந்த தூரத்தின் மேல் போயிற்று. சரியாக ஒரு முழம் இருந்தது.

அந்த முழத்துக்கு ஒரு கதை உண்டு. வாட்டர் சர்வீஸ் போடுவதற்கு முன்னால் அவள் பஸ் ஸ்டாண்டில் பூ விற்றவள், மற்றவர்களுடைய முழமெல்லாம் முகூர்த்த நாள் வந்தால் சுருங்கி, மழை வந்தால் இன்னும் சுருங்கி, வெளியூர்க்காரர் வந்தால் ஒரு சாணாகவே ஆகிவிடும் அந்த இடத்தில், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு மொட்டுக் குறையாமல் அளந்து கொடுத்த ஒரே பூக்காரி அவள்தான். பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றி வியாபாரம் படுத்தபோது இந்த மோட்டாரை வாங்கினாள். மோட்டார் விற்றவர் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று, கிட்ட வைத்து அடிக்காதே என்பது. எவ்வளவு கிட்ட என்று அவர் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்த அளவோ ஒன்றுதான். அதனால் எந்த வண்டி வந்தாலும் முதலில் கதவில் முழங்கையை ஊன்றி, விரலை நீட்டி, விரல் நுனிக்கு வெளியே கன்னைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரைத் திறப்பாள். புதிதாக வருகிறவர்கள் அவள் வண்டிக்குக் கும்பிடு போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பதினொரு வருஷமாக இப்படித்தான்.

சென்னியப்பன் அந்நேரம் எதிரே டீக்கடையில் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயசு, ஊரிலேயே பெரிய மண்டபம், ஆவணியில் வாங்கிய அந்தக் காரைப் பற்றி ஊரில் அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை. ஷோரூமிலிருந்து நேராக வாசலுக்கு வந்த வண்டி, வந்த நாளிலிருந்து நம்பர் பிளேட்டை மறைத்துக்கொண்டு எந்நேரமும் ஒரு சாமந்தி மாலை தொங்கும் வண்டி, கழுவ விட்டாலும் "மாலையை மட்டும் தொடாதே அம்மிணி, சாமி குத்தம்" என்று சொல்லிவிட்டுப் போகும் அளவுக்கு அவர் பக்திமான் என்று ஊரே மெச்சிக்கொண்ட வண்டி. அவர் பஜ்ஜியை எறிந்துவிட்டு ஓடிவந்தார். ஓடிவந்தவர் நிறத்தைத் துரத்தவில்லை. மோட்டாரின் மேல் கிடந்த நீலத் தார்ப்பாயை உருவி, காரின் மேல் கெட்டியாக அப்பியிருந்த நுரை வடிந்து யாரும் எட்டிப் பார்ப்பதற்குள் அதைத் தலையோடு காலாக மூடினார்.

"பெத்த புள்ளையாட்ட வெச்சிருந்த வண்டியை நடுரோட்டுல அம்மணமா நிறுத்திப்போட்டயே! கிட்ட வெச்சு அடிச்சுருக்கற நீயி!"

"ஒரு முழந் தள்ளித்தானுங்கண்ணா அடிச்சேன்."

"பின்ன அது சும்மாவா எறங்கிப் போச்சு? பெயிண்டுக்குக் கால் வலிச்சுதா?"

வரிசையில் இருந்த வேன் டிரைவர் ரிவர்ஸ் எடுத்தார், அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் எடுத்தார்கள். ஆயுத பூஜைக்காகச் சொல்லிவைத்திருந்த நாற்பத்தொரு வண்டியும் சாயங்காலத்துக்குள் இல்லை என்று ஆயிற்று. கொட்டகை நின்ற இடம் வணிகர் சங்கத்துடையது. புதன்கிழமை நாலு மணிக்குச் சங்கம் கூடும், தப்பு வசந்தாமணி மேல் என்று முடிவானால் பூஜைக்கு முன்னால் அவள் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு இடத்தைக் காலி பண்ணவேண்டும் என்று தகவல் வந்தது. தார்ப்பாய் போர்த்திய காரை, யாரும் தொடக்கூடாது, முடிவு தெரியாமல் எடுக்கமாட்டேன் என்று சென்னியப்பன் கொட்டகை மூலையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஊருக்கு அந்த வெள்ளையைப் பழகிக்கொள்ள அரை நாள் ஆயிற்று. தோசை அளவு தடிமனில், கண்ணாடி இருந்த இடமெல்லாம் வெறும் வெளியாக, காற்றடித்தால் லேசாக வயிறு உப்பி, காற்று நின்றால் அடங்கி, அது பாட்டுக்கு நின்றது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிவந்து அதன் எதிரே போட்டார். டிராஃபிக் ஏட்டு ஒருவர், புங்க மரத்தடி பார்க்கிங் இல்லாத இடம் என்பதால் கேஸ் எழுதப் புத்தகத்தைத் திறந்து, நம்பர் எங்கே என்று தேடி, நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் மாலை அளவு ஓட்டை மட்டும் இருந்ததால் பேனாவை மூடிக்கொண்டார். மாரியம்மன் கோயில் பூசாரி, நகர்கிறது என்றால் அது வாகனம்தான், வாகனம் என்றால் பூஜை உண்டு என்று தீர்ப்புச் சொல்லிச் சந்தனம் வைக்கப் போனார், அது ஒரு முழம் நகர்ந்தது, அவர் இன்னொரு அடி வைத்தார், அது இன்னும் ஒரு முழம் நகர்ந்தது, கடைசியில் அவர் சந்தனத்தை மரத்துக்கு வைத்துவிட்டுத் திரும்பினார். திருப்பூரிலிருந்து சாயப்பட்டறைக்காரர் ஒருவர் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்து, "இது கெட்டிச் சாயமில்லீங்க, எங்கயோ அவசரத்துல ஏத்துனது" என்று சொன்னார். வெளியூர்க்காரர் பேச்சு என்று யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிச்சயம் முடிந்த ஒரு ஜோடி வந்து அதன் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டது, வெளிச்சம் நன்றாக விழுந்ததால் மறுநாள் இன்னும் நாலு ஜோடி வந்தது.

இத்தனையும் செய்த அதே ஜனம் தங்கள் வண்டி விஷயத்தில் மட்டும் நடுங்கிப்போய்க் கிடந்தது. தெருத்தெருவாகக் கார்களைக் கயிற்றால் கட்டினார்கள், காரை அல்ல, காரின் நிறத்தை. பானெட்டுக்குக் குறுக்கே ஒரு சுற்று, டிக்கிக்கு ஒரு சுற்று, கன்றுக்குட்டிக்குப் போடுவது போல ஒரு முடிச்சு. கழுவ வேண்டியவர்கள் ஈரத் துணியைப் பிழிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தார்கள். தண்ணீர் அடித்தால் பெயிண்ட் போய்விடும் என்பது செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் பிறந்ததிலிருந்தே தெரிந்த சங்கதி போல ஆகிவிட்டது. வசந்தாமணி ஆளில்லாத கொட்டகையில் உட்கார்ந்து அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கவனித்தாள். யார் கிட்டப் போனாலும் அது சரியாக ஒரு முழந்தான் நகர்ந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அன்று சாயங்காலம் பெயிண்டர் ஆறுச்சாமியின் பட்டறைக்குப் போனாள். டிங்கரிங் முடிந்த வண்டிக்குப் பள்ளம் மறையப் பட்டி பூசிப் பெயிண்ட் அடிக்க அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அவரை விட்டால் ஆள் கிடையாது.

"ஆறுச்சாமியண்ணா, அந்த வெள்ளை உங்க கைவேலையாட்டத் தெரியுதுங்களே."

"எனக்கொண்ணுந் தெரியாது அம்மிணி. அவரு ஷோரூம்ல வாங்குனாருன்னு ஊரே சொல்லுது" என்று அவர் டப்பாவைக் கலக்கினார். டப்பாவில் பெயிண்ட் இல்லை, வெறும் குச்சி தகரத்தில் உரசிய சத்தந்தான் வந்தது. அவருடைய மகளுக்குத் தை மாதம் கல்யாணம், சென்னியப்பன் மண்டபத்தில்தான் பேசியிருக்கிறது என்பது வசந்தாமணிக்கும் தெரியும். அதற்கு மேல் அவரைக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

புதன்கிழமை நாலு மணிக்குச் சங்கம் கொட்டகையிலேயே கூடியது. தலைவர் மெடிக்கல் காளீஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார், சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார், ஊர் நின்றது. பின்வரிசையில் ஒரு தூணுக்கு மறைவாக ஆறுச்சாமியும் நின்றார். வெள்ளை புங்க மரத்தடியில் நின்றது.

"சுத்தி வளைக்காம ஒத்த வார்த்தையில சொல்லு அம்மிணி" என்றார் காளீஸ்வரன். "உன்ற தண்ணி பெயிண்டைக் கெளப்புமா, கெளப்பாதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் அவள் பக்கம் வந்திருப்பார்கள். குறை முழம் அளக்கத் தெரியாதவளின் வாய்க்கு அந்த வார்த்தை வரவில்லை.

"கெளப்புமுங்க" என்றாள்.

கூட்டம் ஓவென்றது. அவள் மோட்டாரைப் போட்டாள், சுவரில் சாய்த்திருந்த பழைய பஸ் கதவு ஒன்றின் முன்னால் போய், ஒரு சாண் தூரத்தில் கன்னை வைத்து அழுத்தினாள். கதவின் பச்சைப் பெயிண்ட் சில்லுச் சில்லாகப் பறந்து, உள்ளே துருப்பிடித்த இரும்பு பல்லைக் காட்டியது. "கிட்ட வெச்சு அடிச்சா இப்பிடிப் போகுமுங்க. ஏற்கெனவே பேந்து நிக்கறது, அரைகுறையா ஒட்டிக்கிட்டு நிக்கறது, எல்லாத்தையும் இது கெளப்பிப்போடும். இல்லைன்னு சொன்னா அது பொய்யிங்க."

"அவ வாயாலயே சொல்லிப்போட்டா பாருங்க!" என்று சென்னியப்பன் தொடையைத் தட்டினார்.

"இன்னும் முடிக்கலீங்கண்ணா" என்று அவள் காளீஸ்வரனுடைய பத்து வருஷப் பழைய சாம்பல் நிறக் காரிடம் போனாள். கயிற்றை அவிழ்த்தாள். கதவில் முழங்கையை ஊன்றினாள், விரலை நீட்டினாள், விரல் நுனிக்கு வெளியே கன்னைப் பிடித்தாள். காளீஸ்வரன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தண்ணீர் போய் அடித்தது, சேறு இறங்கியது, தூசி இறங்கியது, மூன்று நாளாகக் கயிறு அழுத்திய தடம் இறங்கியது, சாம்பல் நிறம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. "ஒரு முழத்துல கம்பெனி பெயிண்டு அசையாதுங்க. அசைஞ்சுதுன்னா அது கம்பெனி பெயிண்டு இல்லீங்க."

"என்ற வண்டி ஷோரூம் வண்டி!" சென்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்ற பேச்சு பெருசா, இவ முழங்கை பெருசா?"

காளீஸ்வரனுக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. தன் காரைப் பார்த்தார், சென்னியப்பனைப் பார்த்தார், சங்கத்தின் ஆண்டு விழா வருஷா வருஷம் யார் மண்டபத்தில் நடக்கிறது என்பது ஞாபகம் வந்தது. தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பேனாவை உதறினார். வசந்தாமணி மோட்டாரைப் பார்த்தாள். அதைக் கழற்றினால் எந்த ஊருக்குக் கொண்டுபோவது, முப்பத்தொரு வயசில் தொடங்கியதை நாற்பத்திரண்டில் எங்கே போய்த் திரும்பத் தொடங்குவது என்று மனசு கணக்குப் போட்டது.

அந்நேரம் புங்க மரத்தடியிலிருந்து வெள்ளை கிளம்பியது. பைபாஸில் இரண்டு பக்கமும் லாரிகள் நின்று வழிவிட, அது நிதானமாக ரோட்டைக் கடந்து, கூட்டம் விலக விலக உள்ளே வந்து, வண்டிகள் நிற்கும் சிமெண்ட் மேட்டில் ஏறித் தன் முறைக்குக் காத்திருக்கும் வண்டி மாதிரி நின்றது. மூன்று நாள் ரோட்டுப் புழுதி அதன் மேல் அப்பியிருந்தது. இப்படி ஒன்று வந்து நின்றால் என்ன செய்யவேண்டும் என்பது வசந்தாமணிக்குத் தெரியும். போய் முழங்கையை ஊன்றினாள். யாருக்கும் பிடிகொடுக்காத அது அவளுக்கு நகரவில்லை, குளிப்பாட்ட வந்த கையை அறிந்த எருமை போல அசையாமல் நின்றது. அவள் கழுவினாள். மேல்பக்கம் முடிந்ததும் அது மெல்லச் சாய்ந்து, புரண்டு, இதுவரை யாரும் பார்க்காத தன் உள்பக்கத்தைக் காட்டியது.

உள்பக்கமெல்லாம் பட்டி. காய்ந்தும் காயாமலும் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்த பட்டித் தூளைத் தண்ணீர் கரைத்து இறக்க இறக்க, முன் கதவின் மறுபக்கத்தில் சதுரமாக ஒரு காகிதம் தெரிந்தது. தினசரி காலண்டர் தாள். காளீஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய், மருந்துச் சீட்டு வாசித்துப் பழகிய குரலில் வாசித்தார். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் காலை ஒன்பதேகால் முதல் பத்தேகால் வரை. ராகு காலம் பத்தரை. "பத்தேகால்" என்ற இடத்தில் நீல மையில் ஒரு வட்டம் போட்டிருந்தது.

"அந்த வட்டம் நான் போட்டதில்லீங்க" என்று தூணுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஆறுச்சாமி முன்னால் வந்தார். "பட்டி வெச்சா ஒரு நாளாச்சும் காயோணுமுங்க. அப்பறந் தேய்க்கோணும், அப்பறந்தான் பெயிண்டு. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பத்தேகாலுக்குள்ள வண்டி வாசல்ல நிக்கோணும், தவறுனா ராகு காலம்னு இவரு காலண்டர் தாளைக் கிழிச்சு, மறந்துராதேன்னு ஈரப் பட்டி மேலயே ஒட்டிப்போட்டுப் போனாருங்க. அதை எடுக்கக்கூட நேரமில்ல. அதும்மேலயே அடிச்சேன். ஒட்டாத பெயிண்டு எத்தனை நாளைக்குங்க சும்மா ஒக்காந்திருக்கும்? அவ தண்ணி மேல தப்பில்லீங்க. தப்பு என்ற கையிலயும் இவரு கடியாரத்துலயும்."

காளீஸ்வரன் தீர்மானப் புத்தகத்தை மூடினார். "தார்ப்பாயை எடுங்கப்பா" என்றார்.

சென்னியப்பன் தடுக்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். நீலத் தார்ப்பாய் விலக, கோவைப்பழச் சிவப்பில் ஒரு கார் நின்றது. தாள் ஒட்டியிருந்த முன் கதவு மட்டும் நெளிந்திருந்தது, மற்றபடி பளபளவென்று கம்பெனிச் சிவப்பு. இரண்டு பக்கமும் மஞ்சள் எழுத்தில் ஏதோ ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பெயர், டிக்கியில் பெரிதாக எல் போர்டு, அதற்குக் கீழே 'பழகுநர் வாகனம், இடைவெளி விடவும்' என்ற அறிவிப்பு. மூன்று நாளில் வாடிய சாமந்தி மாலை அறுந்து விழுந்திருந்தது, நம்பர் பிளேட்டில் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய நம்பர் வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தது.

"அட, இந்த வண்டியிலதானுங்க நான் கிளட்ச்சு பழகுனேன்!" என்று கூட்டத்திலிருந்து ஆஸ்பத்திரி நர்ஸ் மேகலை கத்தினாள். "தாராபுரத்துல! அந்தக் கதவு நெளிசல் நான் பண்ணுனதுங்க!"

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு பத்துப் பேர், பிறகு வழிவிட்டு நின்ற லாரிக்காரர்கள் வரைக்கும் சிரித்தார்கள். வசந்தாமணியும் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை, கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது கையில் கன் இருந்ததால் தண்ணீர் மேலே பீறிட்டு நாச்சிமேட்டு வணிகர் சங்கம் முழுக்க நனைந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு வெள்ளை அங்கே நிற்கவில்லை. யாருக்கும் விட்டுக்கொடுக்காத அந்த ஒரு முழத்தைத் தானே கடந்து வந்து, வசந்தாமணியின் தோளை ஈரமாக உரசிக்கொண்டு மேலே எழும்பி, பதினொரு வருஷமாகத் துருவேறிக் கிடந்த கொட்டகையின் தகரக் கூரையில் ஏறி, ஓரம் ஓரமாக இழுத்துவிட்டுக்கொண்டு விரிந்து படுத்தது. இந்தத் தடவை அதற்கு யாரும் நேரம் குறிக்கவில்லை, காயவேண்டிய அளவு காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொண்டது. பைபாஸில் போகிறவர்களுக்கு இரண்டு மைல் தள்ளியே அந்தக் கூரை தெரியும்.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. விடிந்ததிலிருந்து நாற்பத்தொரு வண்டியும் கயிறு அவிழ்த்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றன, முதலில் ரிவர்ஸ் எடுத்த வேன் முதலாவதாக நின்றது. கன்னுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மோட்டாருக்குப் பொரி கடலை படைத்து, பூசணிக்காயைச் சுற்றி உடைத்துவிட்டு வசந்தாமணி தொடங்கினாள். முழங்கை, விரல், கன், தண்ணீர். மத்தியானத்துக்குள் நாற்பத்தொன்றும் முடிந்தது. வேப்பிலையும் வாழைக்கன்றும் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றும் ஹாரன் அடித்தபடி ஊரைச் சுற்றிப் போயிற்று. ஒரு வண்டியின் நிறமும் இறங்கவில்லை.

நாற்பத்திரண்டாவதாக ஒரு சிவப்புக் கார் வந்தது. சென்னியப்பன் தானே ஓட்டி வந்தார், பக்கத்தில் ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தார். நம்பர் பிளேட்டில் மாலை இல்லை, மாலை அவர் கையில் இருந்தது.

"தை மாசம் இவரு புள்ள கல்யாணம் நம்ம மண்டபத்துலதான்" என்று எடுத்தவுடன் சொன்னார். பிறகு காரை விட்டு இறங்கி வந்தார். "நான் பேசுனது தப்பு அம்மிணி. ஷோரூம்னு வாயில வந்துருச்சு, அப்பறம் அதைக் காப்பாத்த வேண்டியதாப் போச்சு. இந்தா, உன்ற மெஷினுக்குப் போடு. பூக்காரி ஒரு முழம்னு குடுத்தா."

வசந்தாமணி மாலையை வாங்கி முழங்கையில் வைத்து நீட்டினாள். ஊர் எட்டிப் பார்த்தது. மாலை மணிக்கட்டைத் தாண்டவில்லை.

"முக்கா முழந்தானுங்கண்ணா. உங்களை யாரோ ஏமாத்திப்போட்டாங்க."

முதலில் சிரித்தது சென்னியப்பன்தான். அவள் அந்த முக்கால் முழத்தை மோட்டாரின் கழுத்தில் மாட்டினாள், சிவப்புக் கதவில் முழங்கையை ஊன்றினாள், விரலை நீட்டினாள், விரல் நுனிக்கு வெளியே கன்னைப் பிடித்துத் தண்ணீரைத் திறந்தாள். தூசி இறங்கியது. சிவப்பு நின்றது, மஞ்சள் எழுத்தும் ஒரு புள்ளி குறையாமல் நின்றது.